சாம்ப்ளர்களுக்குப் பெயரும் ஊரும் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் நூலகத்தில் வைத்திருந்த, சாம்ப்ளர் என்னும் பழைய தையல் துணிகளின் கண்காட்சி போன வாரம் முடிந்தது. பார்க்க வந்தவர்கள் என்னை மனதாரப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. அதைப் பலரறியச் சொல்லவே இந்த மடல்.

கண்காட்சிக்கு வர முடியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பள்ளிக்குப் போன சிறுமிகள் லினன் துணியிலோ மெல்லிய கம்பளித் துணியிலோ அகரவரிசை, எண்கள், ஒரு வீடு, இரண்டு மரங்கள், நாலு வரி பக்திப் பாட்டு என்று தைத்து, அடியில் தங்கள் பெயரையும் வயதையும் ஆண்டையும் போட்டு முடிப்பார்கள். அந்தத் துணிதான் சாம்ப்ளர். அந்தக் காலத்தில் படுக்கை விரிப்பு, துவாலை, சட்டை எல்லாவற்றிலும் உரியவரின் முதலெழுத்தையும் எண்ணையும் கிராஸ் ஸ்டிச் என்னும் பெருக்கல் குறி போன்ற தையலில் போட்டு வைப்பார்கள். பெரிய வீடுகளில் வேலைக்குச் சேரும் பெண்ணுக்கு அந்தத் தையல் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அநாதை இல்லங்களின் பிள்ளைகள் சிவப்பு நூலால் வரிசை வரிசையாக எழுத்துகளை நெருக்கித் தைத்ததும் அந்தப் பிழைப்புக்காகத்தான்.

முதல் நன்றி லண்டனில் இருக்கும் அக்காவுக்கு. விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள எலிசபெத் பார்க்கரின் துணியைப் படமாகப் பெரிதாக அச்செடுத்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாக வாசிக்க வைத்தவர் அவர். அந்தத் துணியில் பூ இல்லை, வீடு இல்லை. வெள்ளை லினனில் சிவப்புப் பட்டு நூலால் வெறும் எழுத்து. 1830 வாக்கில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த அந்தப் பெண், தனக்கு எழுத வராது என்று தொடங்கி, வேலைக்குப் போன வீட்டில் தான் பட்ட கொடுமையையும், உயிரை விடத் துணிந்ததையும் ஊசியால் சொல்லிக்கொண்டே போகிறாள். கடைசி வாக்கியம் பாதியிலேயே நிற்கிறது. பின்னாளில் அவள் பள்ளி ஆசிரியையாகி எழுபது வயதுக்கு மேல் வாழ்ந்தாள் என்று அக்கா சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நான் சேகரிக்கத் தொடங்கியதே அதற்கப்புறம்தான்.

எடின்பரோவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் பெரியவருக்கு அடுத்த நன்றி. விற்கிறவர் வாங்குகிறவருக்குப் பாடம் நடத்துவது அபூர்வம். துணியின் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காதே, பின்பக்கம் தெரிந்தால்தான் விலை பேச வேண்டும் என்று பழக்கியவர் அவர். வெளிச்சம் படாத பின்பக்கத்தில்தான் பழைய நிறம் இருக்கும். அந்தக் காலத்துப் பச்சை, நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றிச் செய்தது. மஞ்சள் சீக்கிரம் வெளுத்துவிடும். அதனால்தான் இத்தனை சாம்ப்ளர்களில் மரங்கள் நீலமாக நிற்கின்றன. படம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் தைத்த எளிய துணிகளை எனக்கென்று எடுத்து வைத்து, தவணையில் பணம் தர ஒப்புக்கொண்டதையும் நான் மறக்க மாட்டேன். 2012இல் நியூயார்க் சோதபீஸ் ஏலத்தில், நியூ ஜெர்சிச் சிறுமி மேரி ஆன்ட்ரிம் 1807இல் தைத்த சாம்ப்ளர் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. அழகான துணிதான், சந்தேகமில்லை. ஆனால் ஏழைப் பிள்ளைகளின் எழுத்துத் துணிகளையும் அதே மரியாதையோடு காப்பாற்ற வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அந்தப் பெரியவரும் அப்படியே.

இனி, கண்காட்சியில் எல்லோரும் நின்று பார்த்த அந்த ஸ்காட்லாந்துத் துணிக்கு வருகிறேன். வாங்கும்போது அதில் ஊர்ப் பெயர் இல்லை. சிறுமியின் பெயரோ ஸ்காட்லாந்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கக்கூடிய பெயர். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை யாரோ பிரித்து எடுத்திருந்தார்கள். வளர்ந்த பிறகு வயதை மறைக்க, தைத்தவர்களே ஆண்டைப் பிரித்துவிடுவது அன்று நடந்ததுதான்.

துணிப் பாதுகாப்பு நிபுணரான தோழி அதைச் சட்டத்திலிருந்து கழற்றி, உருப்பெருக்கியில் ஊசித் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த இரண்டு இலக்கங்களையும் வாசித்துச் சொன்னார்: 1827. அதோடு விடவில்லை. பின்னால் ஒட்டியிருந்த, துணியைக் கெடுக்கும் அமிலம் உள்ள அட்டையை மெல்ல அகற்றினார். கறுப்பு நூலுக்கு இரும்பு சேர்த்துச் சாயம் போட்டிருப்பதால் அது தானாகவே பொடிந்துவரும், தண்ணீரே காட்டக்கூடாது என்று எச்சரித்தார். கண்காட்சியில் விளக்கின் வெளிச்சம் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகக்கூடாது என்று வந்து அளந்து பார்த்ததும் அவர்தான். கூலி பேசியபோது வெறும் தேநீர் போதும் என்றார். தோழி, உங்கள் கைகளுக்கு நான் கடமைப்பட்டவள்.

அந்தக் கறுப்பு நூலில்தான் விஷயமே இருந்தது. ஸ்காட்லாந்துச் சாம்ப்ளர்களில் தாய் தந்தை, தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் என்று குடும்பத்தின் முதலெழுத்துகள் இரண்டிரண்டாக வரும். இறந்தவர்களைக் கறுப்பில் தைப்பதுண்டு. அங்கே மணமான பெண்ணுக்கு ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரே தொடர்ந்ததால், தாயின் எழுத்து தந்தையின் எழுத்திலிருந்து வேறாக நிற்கும். குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தன்னார்வலர்களே, அந்தச் சின்னஞ்சிறு எழுத்துக் கூட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு 1855க்கு முந்தைய பழைய திருச்சபைப் பதிவேடுகளில் மாலை மாலையாகத் தேடினீர்கள். ஃபைஃப் பகுதியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் எல்லா எழுத்துகளும் பொருந்தி வந்தன. கறுப்பில் இருந்த இரண்டு எழுத்துகள் அவளுடைய தம்பி. 1841 மக்கள்தொகைக் கணக்கில் அவள் ஒரு வீட்டில் பணிப்பெண் என்று இருக்கிறாள். அந்தப் பக்கத்தின் நகலை நீங்கள் அனுப்பிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சட்டம் போட்டுத் தந்த தச்சர், கூடத்தை இலவசமாகக் கொடுத்த நூலகப் பணியாளர்கள், ஏலத்தில் எனக்காக விலகிக்கொண்ட சக சேகரிப்பாளர்கள், விளக்கக் குறிப்புகளைத் தமிழிலும் எழுதி வைக்கச் சொன்ன தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்கள், எல்லோருக்கும் என் நன்றி. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் சாம்ப்ளர்களின் ஆங்கில எழுத்து வரிசையில் 'ஜே' (J) இல்லை என்பதைத் தாங்களாகவே கண்டுபிடித்துச் சொன்னது எனக்குக் கிடைத்த பெரிய பரிசு. பழைய அகரவரிசைகளில் 'ஐ' (I) என்ற எழுத்தே இரண்டின் வேலையையும் பார்த்தது.

அந்த 1827ஆம் ஆண்டுத் துணியை அவள் பிறந்த ஊரின் மரபு மையத்துக்கே கொடுத்துவிட முடிவு செய்திருக்கிறேன். அவர்களும் மகிழ்ச்சியோடு சம்மதித்துவிட்டார்கள். அடுத்த மாதம் ரயிலில் கொண்டுபோகிறேன். தேடித் தந்தவர்கள் கூட வந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன். தேதி முடிவானதும் தெரிவிக்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் தோழி