லடாக் போகும் இரண்டு சாலைகள்

சண்டிகர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை முதல் வரியிலும், வரும் கோடையில் நாமக்கல்லிலிருந்து உன் காரிலேயே லடாக்குக்குப் புறப்படப்போகும் செய்தியை இரண்டாம் வரியிலும் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் சேர்த்தே வாழ்த்துகிறேன். முதல் செய்தியைப் பற்றித் தங்கச்சியிடம் தொலைபேசியில் விரிவாகப் பேசிவிட்டதால், இந்தக் கடிதத்தை இரண்டாவதற்கே ஒதுக்குகிறேன்.

லடாக்கின் கணவாய்களில் கர்துங் லா உயரமா, உம்லிங் லா உயரமா, எதை முதலில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறாய். கர்துங் லாவின் உச்சியில் 18,380 அடி என்று எழுதிய பலகையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். பிற்பாடு ஜிபிஎஸ் கருவி கொண்டு அளந்தபோது அதன் உயரம் ஏறத்தாழ 5,359 மீட்டர்தான் என்றும், பலகை எண்ணூறு அடி கூட்டிச் சொல்லியிருக்கிறது என்றும் தெரியவந்தது. உலகிலேயே உயரமான வண்டிச்சாலை என்ற பெயர் 2021-இல் 19,024 அடி உயரத்து உம்லிங் லாவுக்குக் கின்னஸ் சான்றிதழோடு போனது. எல்லைச் சாலைகள் அமைப்பே 2025-இல் அதையும் தாண்டி, மிக் லா கணவாயில் 19,400 அடிக்குச் சாலையைக் கொண்டுபோய்விட்டது. நீ போய்ச் சேர்வதற்குள் இன்னொன்று வந்தாலும் வியப்பதற்கில்லை. ஆகவே எந்தக் கணவாய் உயரம் என்ற கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்கப்போகிறாய் என்பதைக் குறித்துக்கொள். அறுபதை நெருங்கும் நம் வயதில் பயணத்தைத் தீர்மானிப்பது அந்தக் கணக்குதான்.

லடாக்கின் முக்கிய நகரான லேவுக்குத் தரைவழியாகப் போகும் பழைய பாதைகள் இரண்டு: ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாக ஒன்று, மணாலியிலிருந்து சார்ச்சு வழியாக ஒன்று. இணையத்தில் உலவும் அழகான படங்களில் பெரும்பாலானவை மணாலிச் சாலையில் எடுக்கப்பட்டவை என்பதால் எல்லோரும் அதிலேயே ஏறுகிறார்கள். மணாலி 2,050 மீட்டர், அடுத்த இரவு ஜிஸ்பாவில் 3,200 மீட்டர், அதற்கடுத்த இரவு சார்ச்சுவின் கூடாரத்தில் கிட்டத்தட்ட 4,300 மீட்டர். மூவாயிரம் மீட்டரைத் தாண்டிய பிறகு தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொதுவான அளவு. இந்த வழியில் ஒரே நாளில் அதன் இருமடங்கு ஏறிவிடுகிறாய். சார்ச்சுவில் நள்ளிரவில் கூடாரங்களிலிருந்து கேட்கும் இருமலும் வாந்தியும் அந்தக் கணக்கின் விளைவு. ஸ்ரீநகர் வழியில் 1,585 மீட்டரில் தொடங்கி, கார்கிலில் 2,676 மீட்டரில் ஓர் இரவு தங்கி, பிறகு 3,500 மீட்டர் உயரத்து லேவுக்குப் போகிறாய். இடையில் லாமயூருவில் ஓர் இரவைச் சேர்த்துக்கொண்டால் உடம்புக்கு இன்னும் அவகாசம் கிடைக்கும். எனவே என் யோசனை இதுதான்: ஸ்ரீநகர் வழியாக ஏறு, மணாலி வழியாக இறங்கு. இதை மாற்றிச் செய்யச் சொல்லி உன் மருமகன் எத்தனை படம் காட்டினாலும் கேட்காதே.

ஸ்ரீநகர் வழியில் முதல் சோதனை ஸோஜி லா. உயரம் 3,528 மீட்டர்தான். மணாலிச் சாலையின் கணவாய்களோடு ஒப்பிட்டால் இது குழந்தை. ஆனால் மலையைச் செதுக்கிய ஒற்றை வழி, அதில் சேறு, எதிரே எரிபொருள் ஏற்றிய லாரிகளின் வரிசை, ஓரத்தில் தடுப்புச் சுவர் இல்லாத பள்ளம் என்று எல்லாம் ஒன்றுசேர்ந்திருப்பதால், வண்டி ஓட்டுகிறவனுக்கு இரண்டு வழிகளிலும் இதைவிடக் கடினமான இடம் கிடையாது. கீழே பால்டாலில், அமர்நாத் யாத்திரை நடக்கும் நாள்களில் போனால், யாத்திரிகர்களின் கூடாரங்கள் வண்ணப் பொட்டுகளாகத் தெரியும். அதைப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் பார்க்கட்டும், நீ சாலையைப் பார். காவல்துறையினர் ஏறும் வண்டிகளுக்கும் இறங்கும் வண்டிகளுக்கும் நேரம் பிரித்துவிடுவது உண்டு என்பதால், முந்தின இரவு சோனாமார்கிலேயே தங்கி விசாரித்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவது நல்லது. 1948 நவம்பரில் ஜெனரல் திம்மய்யாவின் படை இந்தக் கணவாய்க்குப் பீரங்கி வண்டிகளையே ஏற்றிக் கொண்டுவந்து எதிரிகளைத் திகைக்கவைத்தது என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அந்த இடத்தில் ஒரு சாதாரண காரை முதல் கியரில் ஏற்றுகிறபோதுதான் அது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும். அடியில் சுரங்கச்சாலை குடைந்துகொண்டிருக்கிறார்கள். அது திறந்தபின் ஸோஜி லாவை ஏறிக் கடக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்காது.

திராஸில் டோலோலிங் மலையின் அடியில் இருக்கும் போர் நினைவிடத்துக்குக் கட்டாயம் ஒரு மணி நேரம் ஒதுக்கு. கார்கிலுக்குப் பிறகு நமிகா லாவும் ஃபோட்டு லாவும் வரும். ஸ்ரீநகர்–லே சாலையின் மிக உயரமான இடம் 4,108 மீட்டர் உயரத்து ஃபோட்டு லாதான் என்றாலும், அகலமான நல்ல தார்ச்சாலையில் வளைந்து வளைந்து பேச்சுச் சுவாரசியத்தில் ஏறிவிடுவாய். பலகையைப் பார்த்தால்தான் கணவாய் வந்ததே தெரியும். உயரத்துக்கும் கடினத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு ஸோஜி லாவையும் இதையும் விட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. இறங்கியதும் லாமயூரு. பழைய ஏரி ஒன்றின் படுகையில் படிந்த வண்டல் அரிக்கப்பட்டு மஞ்சள் மடிப்புகளாக நிற்பதை அங்கே காணலாம். நிம்முவில் சிந்துவும் ஸன்ஸ்காரும் இரு நிறங்களில் கலப்பதைச் சாலையில் நின்றே பார்த்துவிட முடியும். அதன் பின் வரும் காந்தமலையில் வண்டி தானே மேட்டில் ஏறும் என்று நிறுத்திவைத்து வேடிக்கை காட்டுவார்கள். அது வெறும் கண்மயக்கம், நேரத்தை வீணாக்காதே.

லேவில் முதல் இரண்டு நாள் வண்டிச் சாவியைத் தங்கச்சியிடம் கொடுத்துவிடு. நிறையத் தண்ணீர் குடி, மெதுவாக நட, மதுவைத் தொடாதே. தலைவலி என்பது எல்லோருக்கும் கொஞ்சம் வரும். ஆனால் நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அதற்கு மருந்து கீழே இறங்குவது ஒன்றுதான். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உன் இரத்த அழுத்த மாத்திரையோடு, உயரத்தால் வரும் நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரை சேருமா என்று புறப்படும் முன்பே உன் மருத்துவரிடம் கேட்டுவை. கர்துங் லாவை நான்காம் நாள் பார்த்துக்கொள்ளலாம். மேலே கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் நூப்ரா பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கிவிடு. உம்லிங் லாவை இந்த முறை விட்டுவிடு என்பது என் அபிப்பிராயம். அவ்வளவு தூரம் போய்த் திரும்பும் நாள்களை மணாலிச் சாலைக்குக் கொடு.

ஏனென்றால் அந்தச் சாலை அவசரமாகக் கடக்க வேண்டியது அன்று. உப்ஷியில் சிந்துவை விட்டுப் பிரிந்ததும் செம்மண்ணும் ஊதாவும் கலந்த பள்ளத்தாக்கில் நுழைந்து, 5,328 மீட்டர் டங்லாங் லாவுக்கு ஏறுகிறாய். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிக்குச் சற்றே அதிகம். நீ வாங்கிவைத்த சிப்ஸ் பொட்டலம் வெடிக்கிற மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டியாக இருந்தால், மூன்றாம் கியரில் போக வேண்டிய மேட்டில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் முனகிக்கொண்டே நிற்கும்; இரண்டாம் கியருக்கு, சில இடங்களில் முதலாவதுக்கு, தயங்காமல் மாற்றிக்கொள். அதைத் தாண்டினால் மோரே சமவெளி. நாற்பது கிலோமீட்டர் தூரம் மேடுபள்ளமின்றி நேராக ஓடும் சாலை, இருபக்கமும் புல் மேயும் கியாங் எனப்படும் காட்டுக்கழுதைகள், தொலைவில் சாங்பா இடையர்களின் கறுப்புக் கூடாரங்கள். இத்தனை உயரத்தில் இப்படி ஒரு தட்டையான நிலம் கிடக்கும் என்பதை அங்கே நின்ற பிறகும் நம்பச் சிரமமாக இருக்கும். வேகமாக ஓட்டத் தோன்றும், ஓட்டாதே. தார் திடீரென்று முடிகிற இடங்கள் உண்டு.

பாங் என்னும் இடத்தில் தகரமும் தார்ப்பாயும் போட்ட தாபாக்களில் சோறும் ராஜ்மாவும் கிடைக்கும். தண்ணீர் அங்கே எண்பத்தைந்து டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதால் அரிசியைக் குக்கரில்தான் வேகவைக்கிறார்கள். பிறகு லாச்சுலுங் லா, நக்கீ லா, அதன் பின் காட்டா லூப்ஸ் என்னும் இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் எழுபது வளைவுகளையும் பழகியவனுக்கு இருபத்தொன்று பெரிதில்லை என்று நீ சொல்வாய். வளைவுகள் பெரிதில்லைதான், ஆனால் கொல்லிமலையில் மரங்கள் பள்ளத்தை மறைத்துவிடும், இங்கே ஒரு செடிகூட இல்லாததால் கீழே போக வேண்டிய சாலை முழுவதும் மடித்துவைத்தது போல் ஒரே பார்வையில் தெரியும். அங்கே ஒரு வளைவில் தண்ணீர்ப் பாட்டில்கள் குவிந்துகிடக்கும் சிறு மாடம் இருக்கிறது. பழுதான லாரியோடு விட்டுச்செல்லப்பட்ட கிளீனர் பையன் ஒருவன் தண்ணீரில்லாமல் இறந்துபோனான் என்றும், அவன் ஆவி இன்னும் போகிறவர்களிடம் தண்ணீர் கேட்கிறது என்றும் கதை. கதையை நம்பாத லாரி ஓட்டுநர்களும் பாட்டில் வைக்காமல் போவதில்லை.

சார்ச்சுவில் இந்த முறை நீ நிம்மதியாகத் தூங்கலாம், உடம்பு அதற்குள் பழகியிருக்கும். அங்கே தங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பாரலாச்சா லாவின் இருபக்கமும் பனி உருகி வரும் ஓடைகள், நாலா என்று அங்கே சொல்வார்கள், சாலைக்குக் குறுக்காக ஓடுகின்றன. காலையில் கணுக்கால் அளவு இருக்கும் நீர், வெயில் ஏற ஏறப் பெருகி, பிற்பகலில் சிறு கார்களை நிறுத்திவிடும். ஏழு மணிக்குள் சார்ச்சுவை விட்டுக் கிளம்பினால், 4,890 மீட்டர் உயரத்துக் கணவாயையும் அதன் கீழே இருக்கும் சூரஜ் தால் ஏரியையும் பார்த்துக்கொண்டே நாலாக்களை எளிதாகக் கடந்துவிடலாம். நீருக்குள் முதல் கியரில் ஒரே சீராகப் போ. நடுவில் கிளட்சை மிதிக்காதே, நிறுத்தாதே. முன்னால் போகும் வண்டி கரையேறிய பிறகே நீ இறங்கு.

சந்திரா, பாகா ஆறுகள் சேரும் தாண்டி என்னும் ஊரில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. ஏறுகிறவர்களுக்கு, அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று அறிவித்த பலகையால் புகழ்பெற்ற இடம் அது. நீ எதிர்த்திசையில் வருவதால் லேவில் தொட்டியை நிரப்பிக்கொண்டு, கூடுதலாக ஒரு கேனும் எடுத்துக்கொள். அதன் பின் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம். 2020 அக்டோபரில் அது திறந்ததிலிருந்து 46 கிலோமீட்டரும் பல மணி நேரமும் மிச்சமாகிறது. ஒரு காலத்தில் ரோதாங் கணவாயின் சேற்றில் லாரிகளுக்கு நடுவே அரைநாள் சிக்கிக்கிடந்தவர்களுக்கு அந்தச் சுரங்கம் கோயில். 3,978 மீட்டர் ரோதாங்கை இப்போது விரும்பினால் மட்டும், அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறலாம்.

ஓட்டுவதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஏறும் வண்டிக்கு வழி விடுவதும், ஏறிய கியரிலேயே இறங்குவதும் உனக்குக் கைவந்தவை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதை நீயே எனக்குக் கற்றுக்கொடுத்தாய். ராணுவ கான்வாய் வந்தால் முந்தப் பார்க்காமல் ஒதுங்கி நில். 1960-இல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு வைத்திருக்கும் மஞ்சள் பலகைகள் சிரிப்பூட்டும். 'ஆஃப்டர் விஸ்கி, டிரைவிங் ரிஸ்கி' என்பது அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் அந்தச் சாலையை அவ்வாறு வைத்திருப்பவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, கொதிக்கும் தாரின் புகைக்கும் குளிர்காற்றுக்கும் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு சல்லி கொட்டும் கூலிகள். வேலை நடக்கும் இடத்தில் கொடியைக் காட்டி நிறுத்தினால் ஹாரன் அடிக்காதே. பிஸ்கட் பொட்டலங்கள் சில கூடுதலாக வாங்கிவைத்திருந்தால் அவர்களிடம் கொடு.

மாதம் எது என்று கேட்டாயே: ஜூலையிலும் ஆகஸ்டிலும் லடாக்கில் மழை குறைவு, ஆனால் மணாலிக்குக் கீழே குல்லு பள்ளத்தாக்கு மழையில் சிக்கிவிடும், 2023 ஜூலையில் பியாஸ் ஆறு சாலையைப் பல இடங்களில் வாரிக்கொண்டு போனது. கோடையில்தான் வர முடியும் என்றால் ஜூன் நடுவில் புறப்படு; அதற்கு முன் வந்தால் மணாலிச் சாலை முழுக்கத் திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. செப்டம்பர் முதல் பாதி இன்னும் நல்லது. உன் கைப்பேசி ப்ரீபெய்ட் என்றால் காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, இப்போதே போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள். ஸ்டெப்னி டயரின் நிலையைப் பார்த்து எழுது. தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றிவிடு. மற்றபடி பிரேக் ஷூ, ஃபேன் பெல்ட், கூலன்ட் மூன்றையும் இங்கே எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒருநாள் விட்டுப் பார்க்கலாம். எப்படியும் சண்டிகரில் இரண்டு நாள் தங்காமல் உன்னை விடப்போவதில்லை. தேதி முடிவானதும் எழுது, ஸ்ரீநகரிலும் கார்கிலிலும் அறை சொல்லிவைக்கிறேன்.

தங்கச்சிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
ராஜாமணி