பார்லியின் சார்பிலும் நன்றி

அன்புள்ள ஈஸ்ட்ஹாம் உறவுகளுக்கு,

பார்வையற்ற எனக்கு வழிகாட்டும் நாய் பார்லியை டாக்சியில் ஏற்ற மறுத்தது பற்றிய என் முறைப்பாட்டுக்கு நேற்று தீர்ப்பு வந்துவிட்டது. நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஐந்து மாதமாக அதையே சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது. இன்று நன்றி மட்டும்.

அந்த இரவு இரண்டாவது டாக்சியும் எங்களை ஏற்ற மறுத்துப் போன பிறகு மூன்றாவதாக வந்தவர் நம் ஊர்த் தம்பி ஒருவர். கண்ணாடியை இறக்கியவர் கொஞ்ச நேரம் பேசவேயில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கம். அடுத்து ‘அலர்ஜி’ என்ற சொல்தான் வரும். அவரோ, “அக்கா, எனக்கு நாய் எண்டால் சரியான பயம், சின்னனில கடிச்சது. நீங்கள் ஏறுங்கோ” என்றார்.

இங்கிலாந்தில் 2010 சமத்துவச் சட்டப்படி, மருத்துவக் காரணத்துக்கான விலக்குச் சான்றிதழ் இல்லாத டாக்சிச் சாரதி வழிகாட்டி நாயை ஏற்ற மறுக்க முடியாது. மறுத்தால் அபராதம் 1,000 பவுண்ட் வரை போகலாம். (பார்லியை என்னிடம் தரும்போது நாய் அறக்கட்டளை வாங்கியது வெறும் 50 பென்ஸ்!) இதெல்லாம் தம்பிக்குத் தெரியுமோ என்னவோ. முதல் இருவரைப் போல ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் இறங்கி வந்து, பார்லி என் காலடியில் சுருண்டு படுப்பதற்காக முன்னிருக்கையைத் தள்ளிவிட்டார். வழி முழுக்க ஏதோ தேவாரம் முணுமுணுத்தார். ஒவ்வொரு சிக்னலிலும், “அவர் படுத்திருக்கிறாரோ, அக்கா?” பார்லிக்கு ‘அவர்’ போட்ட முதல் ஆள்!

அன்று அவரும் போயிருந்தால் நான் முறைப்பாடே செய்திருக்க மாட்டேன். நான் கேட்பதுதான் அதிகப்படி என்று நம்பியிருப்பேன். கடிதங்களுக்குப் பதில் வராத வாரங்களில், அந்த நடுங்கும் குரலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

கடிதங்களை வாசித்துக் காட்டிய பக்கத்து வீட்டு அன்ரி, படிவங்களை நிரப்பித் தந்த பிள்ளைகள், சாட்சி சொல்ல லீவு போட்டு வந்த தோழி, நாய் அறக்கட்டளைக்காரர்கள் எல்லோருக்கும் நன்றி. இனி யாராவது மறுத்தால் ‘சரி, பரவாயில்லை’ என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

தம்பி, பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். வழிகாட்டும்போது போடும் ஹார்னஸ் பட்டையைக் கழற்றிவிட்டால் பார்லி சும்மா ஒரு நாய்தான். தைரியம் வந்தால் தலையைத் தடவிப் பாருங்கள். தோசை சுட்டுத் தருகிறேன். அவனுக்கு மட்டும் பிய்த்துக் கொடுத்துவிடாதீர்கள், பயிற்சியாளர் என்னைத்தான் ஏசுவார்.