‘கடல் உணவு வேண்டாம்’ என்ற ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கான உணவுப் பட்டியல் ஒன்றை உங்கள் மருத்துவப் பக்கத்தில் பார்த்தேன். ‘தவிர்க்க வேண்டியவை’ என்பதன் கீழே வெண்ணெய், கொழுப்புள்ள இறைச்சி, அப்புறம் ‘கடல் உணவு’ என்று போட்டிருந்தீர்கள். எந்த மீன், எப்படிச் சமைத்தது என்று எதுவும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன் என் கணவருக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்து வீட்டுக்கு அனுப்பியபோது, கையில் கொடுத்த தாளிலும் இதையேதான் எழுதியிருந்தார்கள். அதனால் நாங்கள் பட்டதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்றைக்கு அவருக்கு எழுதிக் கொடுத்தது அட்டோர்வாஸ்டாடின் 40 மில்லிகிராம், ஸ்டாடின் வகைக் கொழுப்பு மாத்திரை. மீன் ஏன் கூடாது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வாரம் மூன்று நாள் மீன் சாப்பிட்ட மனிதருக்கு அதை அடியோடு நிறுத்தினேன். வெறும் தட்டு வைக்க முடியுமா? தோலோடு கோழி வந்தது, சீஸ் வந்தது, வெண்ணெய் பிஸ்கட் வந்தது. கடல் உணவு இல்லையே, பரவாயில்லை என்று இருவரும் நினைத்துக்கொண்டோம். 14 மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 168-லிருந்து 241-க்கு ஏறியிருந்தது. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலும் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை.

அப்போது நாங்கள் பார்த்த வேறொரு மருத்துவர் மாத்திரையை மாற்றவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, “மீனை யார் நிறுத்தச் சொன்னது?” என்றார். ரத்தத்தில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. ஸ்டாடின் கல்லீரலில் அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. மீன் சாப்பிடுவதால் இந்த வேலை கெடுவதில்லை. பம்பளிமாஸ் போன்ற கிரேப்ஃப்ரூட் பழத்தின் சாறுதான் அட்டோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் போன்ற மாத்திரைகளோடு சேரக் கூடாதது. அதைப் பற்றி உங்கள் பட்டியலில் ஒரு சொல்கூட இல்லை.

இறாலைப் பற்றி எனக்கும் பயம் இருந்தது. வெந்த இறால் 100 கிராமில் கிட்டத்தட்ட 190 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மைதான். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு 1 கிராம்கூட இல்லை, எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது அந்தக் கொழுப்புதான். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ராலுக்கு மேல் கூடாது என்ற பழைய வரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டுதலே 2015–2020 பதிப்பில் எடுத்துவிட்டது. அதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதே இறாலை ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் வதக்கினால் 7 கிராம் நிறைவுற்ற கொழுப்பு கூடவே வந்துவிடுகிறது. பழியை மட்டும் இறால் சுமக்கிறது.

சரி, மாத்திரையையும் மீனையும் சேர்த்து யோசிக்கவே வேண்டாமா என்றால், வேண்டும். அதை நாங்கள் வலியோடு கற்றுக்கொண்டோம். மூன்றாவது வருடம் அவருக்குத் தொடைத் தசைகளில் வலி. தானாக மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் போனார், அது நல்லதாயிற்று. ரத்தம் பார்த்து, வேறு ஸ்டாடின் கொடுத்துப் பார்த்து, அதுவும் ஒத்துவராமல் கடைசியில் ஸ்டாடின் அல்லாத கொழுப்பு மாத்திரைகளான எசெட்டிமைபும் பெம்பிடோயிக் அமிலமும் கொடுத்தார்கள். நான் இதயத்துக்கு நல்லது என்று வாரம் ஐந்து நாள் மத்தி, நெத்திலி என்று சமைத்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதத்தில் ஒரு நள்ளிரவு அவருடைய வலது கால் பெருவிரல் சிவந்து வீங்கிப் போர்வை பட்டால்கூடத் துடித்தார். கவுட், அதாவது யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வாதம். பெம்பிடோயிக் அமிலம் ரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் கூட்டக்கூடியது. மத்தி, நெத்திலி, சிப்பி எல்லாம் பியூரின் நிறைந்தவை, அந்தப் பியூரின்தான் உடம்பில் யூரிக் அமிலமாகிறது. மாத்திரையை மாற்றிய அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த இரவு எங்களுக்கு வந்திருக்காது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இப்போது மருத்துவர் சொன்னபடி வாரம் இரண்டு நாள் மட்டும் மீன், அதுவும் மத்தியும் நெத்திலியும் இல்லாமல்.

இன்னொன்று, கெட்டுப்போன மீன். குளிரில் வைக்காத மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் என்ற உடம்புக்கு ஆகாத பொருள் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. வயிறு கெட்டோ வேறு எதற்கோ மருத்துவரிடம் போனால் கொழுப்பு மாத்திரையின் பெயரை முதலில் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் அட்டோர்வாஸ்டாடின், சிம்வாஸ்டாடின் ஆகியவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதனால் தசைகள் பாதிக்கப்படலாம். அவருடைய மாத்திரை அட்டையைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருக்கிறேன்.

என் கொழுந்தனார் இதற்கு நேர்மாறு. மீன் எண்ணெய்க் குளிகை போடுகிறேனே என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். மீன் எண்ணெய் தேவையான அளவில் ட்ரைகிளிசரைடைக் குறைக்கும், எல்டிஎல்லுக்கு அது மருந்து ஆகாது. அவரைத் திரும்ப மருத்துவரிடம் அழைத்துப் போக எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது எந்த மாத்திரைக்கு, எந்த மீன், எப்படிச் சமைத்தது என்று ஒரு இதய மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். இடம் போதாது என்றால் அந்தச் சொல்லையாவது எடுத்துவிடுங்கள். அன்று உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு என் கணவர் தட்டிலிருந்த மீனை ஓரமாகத் தள்ளிவைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி