நெஞ்செரிவுக்கு எத்தனை புள்ளி?

ஆசிரியருக்கு,

உளவியல் முதுமாணி படிக்கும் பிள்ளை ஒருவர் களப்பயிற்சிக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவின் மகன் 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவர். "நெஞ்சு எரியுது தம்பி" என்றார் அம்மா. தம்பி படிவத்திலிருந்து கண்ணெடுக்காமல், "சாப்பாட்டுக்கு முன்னமா, பிறகா?" என்று கேட்டார். அம்மா எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

அவரைக் குறை சொல்லவில்லை. எழுத்துப் பரீட்சையும் ஆய்வேடும் ஒருவருக்கு என்ன தெரியும் என்பதைக் காட்டும்; எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால் என்ன செய்வார் என்பதைக் காட்டாது. 1990இல் அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜோர்ஜ் மில்லர் இதைப் படிகளாக வரைந்தார்: தெரிதல், எப்படியென்று தெரிதல், செய்து காட்டல், கடைசியில் உண்மையான இடத்தில் செய்தல். மருத்துவக் கல்விக்குத்தான் சொன்னார். சரி, இதற்கும் பொருந்தும். நான் பார்த்த பாடத்திட்டத்தில் 'கற்றற்பேறு', அதாவது படித்து முடிப்பவரால் என்ன செய்ய முடியவேண்டும் என்பது, மேல்படியில் இருக்கிறது, புள்ளி கீழ்ப்படிக்கே போடுகிறார்கள்.

மாணவர் ஒருவரோடு இருந்து பேசும் அமர்வை, அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு செய்து, தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் கேட்டு மதிப்பிடட்டும். ஒலிப்பதிவென்றால் வன்னியில் பலர் பயப்படுவார்கள், நியாயம்தான். அப்படியென்றால் மேற்பார்வையாளரே ஒருநாள் பஸ் ஏறி வந்து பக்கத்தில் இருக்கட்டும். தேத்தண்ணி நாங்கள் தருகிறோம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கிளிநொச்சி