கவரில் பெயர் இல்லாத மாத்திரை

ஆசிரியருக்கு வணக்கம்.

டாக்டர் கொடுத்த மருந்தால் பாதிக்கப்பட்டவர்கள் நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் எங்கள் கொருக்குப்பேட்டைப் பக்கம் அப்படி வழக்குப் போட நினைப்பவர் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். முழங்கால் வலிக்குத் தெருமுனை கிளினிக்கில்தான் காட்டுவார். ஊசி போட்டு, சின்ன வெள்ளைக் கவரில் மாத்திரை கொடுத்து, 200 ரூபாய் வாங்கிக்கொள்வார்கள். பில் கிடையாது. கவர்மேல் காலை, இரவு என்று பேனாவால் குறித்திருக்கும், அவ்வளவுதான். அட்டையிலிருந்து பிரித்துப் போட்ட மாத்திரைகள். அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று நானே சொல்லியிருந்தேன். ஐந்து மாதம் இப்படிப் போனது. கால் வீங்கி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "வலி மாத்திரை சாப்பிட்டாரா? பேர் என்ன?" என்றுதான் அங்கே டாக்டர் முதலில் கேட்டார். காலிக் கவரை நீட்டினேன். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், வயதானவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இப்போது அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது.

கிளினிக்கில் போய்க் கேட்டேன். "சத்து மாத்திரைதாம்மா கொடுத்தேன்" என்றார் அந்த டாக்டர். அப்புறம் வக்கீலைப் பார்த்தோம். சீட்டு இருக்கிறதா, பில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார்.

1998-ல் கொல்கத்தாவில் சிகிச்சை பெற்று, பிறகு மும்பையில் அனுராதா சாஹா இறந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். தோலில் வந்த தடிப்புக்கு 80 மில்லிகிராம் ஸ்டீராய்டு ஊசியை நாளுக்கு இரண்டு முறை என்று அளவுக்கு மீறிப் போடச் சொல்லியிருந்தார்கள். அந்த அளவு சீட்டிலேயே எழுதியிருந்தது. கணவர் குணால் சாஹாவும் டாக்டர் என்பதால் அதைப் படித்துப் புரிந்துகொண்டு போராட முடிந்தது. அப்படியும் 15 வருடம் ஆனது. 2013-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 6 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தச் சீட்டு இல்லாமல் போயிருந்தால்?

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் முழு இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஜனங்களுக்கு அதுவே பெரிய இழப்பு. காசு கொடுத்துப் பார்க்கும் இடத்திலாவது அந்த உரிமை கைக்கு எட்ட வேண்டாமா?

டாக்டர் தன்னிடம் வரும் நோயாளிக்குத் தானே மருந்து கொடுப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. கடைக்கு அலைய முடியாதவர்களுக்கு அது உதவிதான். ஆனால் மருந்தின் பெயர், அளவு, தேதி, கையெழுத்தோடு ஒரு சீட்டு கொடுக்காமல் ஒரு மாத்திரைகூடக் கைமாறக் கூடாது. சுகாதாரத் துறை அதிகாரிகள் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, காசிமேடு கிளினிக்குகளில் ஒரு மாலை நேரம் வந்து நின்று பார்க்கட்டும். ஆறு மணிக்கு மேல் வந்தால் கவர்கள் எப்படிக் கைமாறுகின்றன என்பது தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, வடசென்னை.