ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு கண்டன்சர்

ரங்கூன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இடது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்தும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தேன், இன்றுதான் பேனா பிடிக்கிறேன். மோல்மீனில் மழை விட்டதா? இங்கே ஜாடியில் உப்பெல்லாம் தண்ணீராய் நிற்கிறது.

சரி, உன் பேத்தி கேட்ட கேள்வி. "வெற்றிடத்தில் முனைவாக்கம் நடக்கிறதாமே, ஒன்றுமே இல்லாத இடத்தில் எது முனைவாகும் தாத்தா?" நீ முழித்துவிட்டு, ரேடியோக்காரனைக் கேட்கிறேன் என்று தப்பித்திருக்கிறாய். நாற்பது வருஷம் ஈயப்பற்று வைத்தவனுக்குக் குவாண்டம் எங்கே தெரியும்! பேரன்தான் போனில் தேடித்தேடிப் படித்துக் காட்டினான். பார்த்தால், விஷயம் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கிற நம் கண்டன்சர்தான்.

பழைய வால்வு ரேடியோவின் கேங் கண்டன்சர் ஞாபகம் இருக்கிறதா? அலுமினியத் தகடுகள் ஒன்றையொன்று தொடாமல் உள்ளே போய்வரும், நடுவில் வெறும் காற்று. கையளவு இருந்தும் அதில் அடங்கும் மின்னூட்டம் சொற்பம். ஃபேன் கண்டன்சரோ சின்ன டப்பி, அதில் பல ஆயிரம் மடங்கு அடங்கும். தகடு மெலிசு, சுருள் நீளம் என்பதுதான் பெரிய காரணம். ஆனால் நடுவில் இருக்கும் தாளுக்கும் பங்குண்டு. அதில் கரண்ட் ஓடாது, ஆனால் அதன் அணுக்களில் பிளஸ் ஒரு பக்கமும் மைனஸ் மறுபக்கமுமாகக் கொஞ்சம் சாயும். இந்தச் சாய்வுக்குத்தான் முனைவாக்கம் என்று பெயர். அது தகட்டின் மின்புலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். தண்ணீர் இதில் பேராசைக்காரன், எண்பதில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். உப்பில் சோடியமும் குளோரினும் பிடித்த பிடியை விடுவதற்கும், என் ஜாடி இப்படி நிற்பதற்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

வெற்றிடமும் இப்படித்தான் சாய்கிறது. டிராக் என்ற இயற்பியலாளர் 1928-ல் எழுதிய சமன்பாட்டிலிருந்து எலெக்ட்ரானுக்கு ஒரு பிளஸ் ஜோடி இருக்க வேண்டும் என்று வந்தது. 1932-ல் ஆண்டர்சன் அதைக் கண்டுபிடித்தார், பெயர் பாசிட்ரான். 1935-ல் யூலிங் என்பவர் கணக்குப் போட்டார்: ஓர் எலெக்ட்ரானைச் சுற்றியுள்ள வெற்றிடம், எலெக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகள் அதைப் பார்த்துச் சாய்ந்து நிற்பதுபோல் நடந்துகொள்கிறது. ஆக, தூரத்திலிருந்து நாம் அளக்கும் மின்னூட்டம் ஏற்கெனவே மங்கிய மின்னூட்டம். கிட்டே போனால் கூடும். எவ்வளவு கிட்டே? ஹைட்ரஜன் அணுவின் ஆரத்தில் 137-ல் ஒரு பங்கு அளவுக்கு உள்ளே போனால்தான் தெரிய ஆரம்பிக்கும்.

ஜோடிகள் எங்கிருந்தோ சக்தியைக் கடன் வாங்கிப் பிறந்து, உடனே திருப்பிக் கொடுத்து மறைகின்றன என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். வட்டிக்கடைக் கதை மாதிரி கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒட்டவில்லை. அந்த ஜோடிகளை யாரும் பிடித்துப் பார்க்க முடியாது. கண்டன்சர் தாளில் அணுக்கள் நிஜமாகவே இருக்கின்றன. இங்கே இருப்பது எங்கும் பரவிய எலெக்ட்ரான் புலம், அது மின்புலத்துக்கு இசைந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். பேத்தியிடம் அப்படியே சொல்.

நம்பாவிட்டால் மீட்டர் இருக்கிறது. 1947-ல் லாம்பும் ரெதர்ஃபோர்டும் ஹைட்ரஜனுக்கு மைக்ரோவேவ் காட்டிப் பார்த்தார்கள். டிராக் கணக்குப்படி சமமாக இருக்க வேண்டிய இரண்டு சக்திப் படிகள், சுமார் 1,000 மெகாஹெர்ட்ஸ் விலகி நின்றன. பெரும்பகுதிக்குக் காரணம் வேறு. வெற்றிட முனைவாக்கத்தின் பங்கு 27 மெகாஹெர்ட்ஸ், அதுவும் எதிர்த்திசையில். மச்சான், 27 என்றால் ஷார்ட்வேவுக்குள் வருகிறதடா! அன்று இரவு தூக்கம் வரவில்லை எனக்கு. அப்புறம் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் துகள்களை மிக அதிக சக்தியில் மோதவிட்டுப் பார்த்தபோது, மின்விசையின் வலுவைச் சொல்லும் 1/137 என்ற எண் ஏறக்குறைய 1/128 ஆகிவிட்டது. அங்கே எலெக்ட்ரான் ஜோடி மட்டுமில்லை, மியூவான், குவார்க் என்ற மற்ற நுண்துகள்களின் ஜோடிகளும் சேர்ந்து சாய்கின்றன.

கிட்டே போகப் போகக் கணக்கில் மின்னூட்டம் ஏறிக்கொண்டே போகிறது. எங்கே போய் நிற்கும் என்று உன் பேத்தியைத் திருப்பிக் கேள். இந்தத் தடவை அவள் முழிக்கட்டும்.

கரண்ட் வந்துவிட்டது. மறுபடி போவதற்குள் தண்ணீர் ஏற்ற வேண்டும். அடுத்த முறை யாராவது இந்தப் பக்கம் வந்தால் இரண்டு பம்ப்ளிமாஸ் கொடுத்துவிடு.

உன்,
ரேடியோக்காரன்