நம்ம காசுல செஞ்ச ஆராய்ச்சிக்கு எதுக்குங்க பூட்டு?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஒரு சுயநிதி என்ஜினியரிங் காலேஜ்ல வாத்தியாரா இருக்கேன். போன செமஸ்டர்ல என்கிட்ட ப்ராஜெக்ட் பண்ணின பொண்ணு தர்மபுரி பக்கம், ஊர்ல போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, பாட்டி பல்லெல்லாம் பழுப்பா கறை புடிச்சு கெடக்கு, அதுக்கு குறைஞ்ச செலவுல ஒரு ஃபில்டர் செய்யறேன் சார்னு வந்தா. அவங்க ஏரியா கிணத்துத் தண்ணியவே டெஸ்ட் பண்ணி எழுதின ஆராய்ச்சி பேப்பர் ஒண்ணு நெட்ல சிக்குச்சு, ஆனா தொறந்தா சுருக்கம் மட்டும்தான் வருது, மீதிக்கு 39.95 டாலர் கட்டுங்குது. எங்க ஊர் கிணத்த பத்தி நான் படிக்க எதுக்கு சார் டாலர்னு கேட்டா, எனக்கு பதில் வரல. எழுதினவருக்கு மெயில் போட்டேன், நல்ல மனுஷன், அன்னிக்கு ராத்திரியே பிடிஎஃப் அனுப்பிட்டாரு. கடைசி பக்கத்துல நன்றி சொல்ற எடத்துல பாத்தா மத்திய அரசு நிதியில செஞ்சதுன்னு போட்டிருக்கு!

ஆராய்ச்சி பேப்பர் வர்ற ஜர்னலுக்கெல்லாம் மத்திய அரசே மொத்தமா சந்தா கட்டற ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்தாச்சேம்பாங்க. 2025லேர்ந்து 3 வருஷத்துக்கு 6,000 கோடி, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், நல்ல விஷயம்தான், இல்லேங்கல. ஆனா முதல் கட்டம் அரசு காலேஜுக்கும் அரசு ஆராய்ச்சி நிலையங்களுக்கும்தான், அந்தப் பொண்ணு வெளியதான் நிக்கறா. அதுவும் வாடகை மாதிரி, கெடு முடிஞ்சா திரும்ப கட்டணும். எழுதறவருக்கு ஜர்னல் சம்பளம் தர்றதில்ல, சரி பாக்கற ரிவ்யூவர் பெரும்பாலும் ஓசில பாக்கறாரு, நம்ம ஆளுங்க எழுதினத நாமளே காசு குடுத்து வாங்கறோம்.

அதுக்காக படிக்கறவங்களுக்கு இலவசம்னு சொல்லி எழுதறவங்க தலையில பில்ல கட்டற ஓப்பன் ஆக்சஸும் நமக்கு கட்டுப்படியாகாது. 2020ல நேச்சர்ங்கற பெரிய அறிவியல் ஜர்னல் ஒரு பேப்பருக்கு 9,500 யூரோன்னு அறிவிச்சாங்க, யாரால முடியும்? செலவில்லாத வழி இருக்கு. ஜர்னல் ஏத்துக்கிட்ட பிரதிய அப்படியே நெட்ல இருக்கற பொது களஞ்சியத்துல போட்டுடறது. பிஸிக்ஸ்காரங்க 1991லேர்ந்து ஆர்க்கைவ்ங்கற (arXiv) அந்த மாதிரி களஞ்சியத்துல தங்களோட பேப்பர யார் வேணா படிக்கற மாதிரி போட்டுட்டுத்தான் இருக்காங்க. அமெரிக்கால என்ஐஹெச்ங்கற அரசு மருத்துவ ஆராய்ச்சி அமைப்போட பணத்துல செஞ்சு 2025 ஜூலை 1லேர்ந்து ஏத்துக்கற பேப்பர் எல்லாம், வெளியாகற அன்னிக்கே எல்லாருக்கும் இலவசம்னு சட்டதிட்டம் ஆக்கிட்டாங்க. ஆராய்ச்சிக்கு நிதி குடுக்கற நம்ம மத்திய அரசு துறைங்க டிபிடி (உயிரித் தொழில்நுட்பம்), டிஎஸ்டி (அறிவியல் தொழில்நுட்பம்) ரெண்டும் களஞ்சியத்துல போடணும்னு 2014லயே கொள்கை போட்டுட்டாங்க, கேக்கத்தான் ஆள் இல்ல.

அடுத்த கிராண்டுக்கு அப்ளிகேஷன் வரும்போது போன தடவை எழுதின பேப்பரோட இலவச லிங்க் எங்கன்னு ஃபார்ம்ல ஒரு கேள்வி சேத்து, லிங்க் இல்லேன்னா அப்ளிகேஷன திருப்பி அனுப்பட்டும். இத உங்க பத்திரிகை அமைச்சகத்துகிட்ட கேட்டு, என்ன பதில் வருதோ அத அப்படியே போடணும்னு கேட்டுக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு காலேஜ் வாத்தியார், சேலம்